புண்ணில் உப்பு வைக்கலாமா?

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும், உப்பு நீரின் குணம். காலில் சிறு கீறல் இருந்தால் போதும். பாத்தியில் இறங்கியதும் சுரீர் என்று எரியும். பக்கத்தில் இருப்பவரும் அந்த எரிச்சலை ஒரு நாள் பட்டவர்தான். அதனால், "வரப்பில் ஏறி உட்காரம்மா" என்று இரக்கத்தோடு சொல்வார்.

செல்போனைக் கையில் எடுத்ததும் இந்த இரக்கம் எங்கே போய்விடுகிறது?

இன்று தெருவுக்கு ஒரு வாட்ஸ்-அப் குழு இருக்கிறது. மழைச் செய்தி, கல்யாணச் செய்தி எல்லாம் அதில் வருகின்றன. நல்லதுதான். ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி எவனாவது அபாண்டமாக எழுதிவிட்டால் என்ன நடக்கிறது? பலர் பார்க்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் வேறு குழுவுக்கும் அனுப்புகிறார்கள். "ஏனப்பா இப்படி?" என்று கேட்க ஆள் இல்லை!

சென்னையில்...

2004-ம் ஆண்டு சென்னையில் ஒரு பெண்ணுக்கு இந்தக் கொடுமை நேர்ந்தது. அவர் விவாகரத்து ஆனவர். தன்னை மணக்க மறுத்த ஆத்திரத்தில் ஒருவன், அவரைப் பற்றி ஆபாசமாக எழுதி இணையக் குழுக்களில் போட்டான். அதை நம்பிய யார் யாரோ அவருக்குப் போன் செய்து தொல்லை கொடுத்தார்கள். அவர் ஒடுங்கிவிடவில்லை. போலீசில் புகார் செய்தார். போலீசார் அவனை மும்பையில் பிடித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் எழும்பூர் கோர்ட்டு அவனுக்கு 2 ஆண்டு கடுங்காவல் தண்டனை விதித்தது.

சேலத்தில்...

2016-ம் ஆண்டு ஜூன் மாதம். சேலம் மாவட்டத்தில் ஓர் இளம் பட்டதாரிப் பெண்ணின் படத்தை ஆபாசமாக மாற்றி, ஒருவன் பேஸ்புக்கில் போட்டான். தந்தை போலீசுக்கு ஓடினார். நடவடிக்கை தாமதமாயிற்று. பெற்றோர்கூடத் தன்னை நம்பவில்லை என்று எண்ணி அந்தப் பெண் மனம் உடைந்தாள், உயிரை விட்டாள். பிறகு குற்றவாளி பிடிபட்டான். போலீஸ் சூப்பிரண்டு மன்னிப்புக் கேட்டார். போன உயிர் வந்ததா?

இரண்டு இடத்திலும் கொடுமை ஒன்றுதான். ஓரிடத்தில் உதவி காலத்தில் கிடைத்தது. மற்றோரிடத்தில் கிடைக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

அவதூறு வந்தால் பதிலுக்குத் திட்ட வேண்டாம். அழித்துவிடவும் வேண்டாம். போன் திரையை அப்படியே படம் எடுத்து வைக்க வேண்டும், அதுவே சாட்சி. பிறகு அனுப்பியவனைத் தடுத்துவிடலாம். இணையக் குற்றப் புகாருக்கு 1930, பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்கள் உள்ளன. ஆபாசத்தை இணையத்தில் பரப்பினால், முதல் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. விளையாட்டுக்கு அனுப்பினேன் என்றால் சட்டம் விடாது.

குழுவை நடத்துகிற அட்மினுக்கும் கடமை உண்டு. உறுப்பினர் எழுதியதற்கு அட்மின் குற்றவாளி ஆகமாட்டார் என்று 2022-ல் கேரள ஐகோர்ட்டு சொன்னது உண்மைதான். சட்டம் விட்டாலும் மனச்சாட்சி விடுமா? அவதூறை உடனே நீக்க வேண்டும். எழுதியவனை வெளியேற்ற வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் தனியே இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் மருந்து வீட்டில்தான் இருக்கிறது. மகள் அழுதுகொண்டு போனை நீட்டும்போது, "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள். "நீ ஒரு தப்பும் செய்யவில்லை, கண்ணு. நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். போலீஸ் வருமுன்னே, கோர்ட்டு கூடுமுன்னே, ஓர் உயிரைக் காப்பது அந்தச் சொல்தான்!