இல்லத்துச் சிறு செவிலியர்

1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தபோது, களியக்காவிளை எல்லைப்புற ஊராயிற்று. அங்குச் சந்தைக்கு வருவோர் எல்லைக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை; தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். அரசின் உதவி மட்டும் அக்கோட்டைக் கடப்பதில்லை.

அப்பால், பாறசாலைப் பக்கத்தில், படுக்கையில் கிடப்போரை வீட்டில் பேணுவோர்க்கெனக் கேரள அரசு ‘ஆசுவாசகிரணம்’ என்னும் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் வகுத்தது. தொகை சிறிது, காலந்தாழ்ந்து வருவதும் உண்டு. எனினும், நோயாளியின் அருகே விழித்திருப்பவரை நினைந்து எழுந்த திட்டமாதலின் அது பாராட்டத்தக்கதே. இப்பால், கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு அளிக்கும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாயாக உயர்ந்தது. இது பெரிய தொகை. ஆயின் பாதிக்கப்பட்டவர் பெயரில் வருவது. இரண்டுள் எதுவும் பள்ளிச் சிறாரைத் தனியே எண்ணி வகுக்கப்பட்டதன்று.

நோயாளியைப் பேணும் சிறாரும் உளரோ என வினவலாம். இவ்வட்டாரத்தில் இரப்பர்ப் பால் வெட்டுவோர் விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுவர். தாய் பக்கவாதத்தால் வீழ்ந்த இல்லமாயின், பின்னர் அங்கே எஞ்சுபவள் 13 வயது மகளே. தாயைப் புரட்டிப் படுக்கவைத்து, மேனி துடைத்து, கஞ்சி ஊட்டி, தம்பியையும் பள்ளிக்கு அனுப்பிய பின்னரே அவள் தன் புத்தகப் பையைத் தொடுவாள். வகுப்பில் அவளுக்குக் கிடைப்பது ‘நாள்தோறும் தாமதம்’ என்னும் பெயர். வாராத நாள்களுக்குக் காய்ச்சலைக் காரணம் காட்டுவாளேயன்றி, வீட்டு நிலையைக் கூற நாணுவாள்.

பெற்றோரைப் பேணுதல் பிள்ளையின் கடமையன்றோ, அதற்குக் கூலி எதற்கு என்பாரும் உளர். கடமையை மறுப்பார் யாருமிலர். ஆனால், வளர்ந்த மகனும் இச்சிறுமியும் அக்கடமையை ஒரே அளவில் சுமக்க இயலுமோ? அவளுக்கு வேண்டுவன, பகலில் தாயருகே வேறொருவரை அமர்த்தப் பொருளும், இழந்த பாடத்தை மீண்டும் பெற வழியுமே.

சட்டத்தில் இதற்கு வித்து இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியமின்றிப் பேணும் குடும்பத்தாரையும் பராமரிப்பாளர் என்றே கொள்கிறது. மிகுந்த துணை தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படி அளிக்கவும் இடந்தருகிறது. அவ்வாண்டே திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பள்ளி நேரத்திற்குப் பின் சிறார் குடும்பத்திற்கு உதவுவதைத் தடுப்பதில்லை. இரவில் மும்முறை எழுந்து தாய்க்கு நீர் தரும் சிறுமியை இரண்டும் காணவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு நின்றுவிடுகிறது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 18 வயதிற்குட்பட்டோர் பிறரைப் பேணி வருந்துவதாகத் தோன்றினால், அவர் கேளாமலே அவர்தம் தேவையை உள்ளாட்சி மன்றம் ஆராய வேண்டுமென விதித்தது.

இங்கு அதற்கெனப் புதிய அலுவலகம் வேண்டுவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் மருந்தோடு வீட்டிற்கே வருவர். நோயாளியின் இரத்த அழுத்தத்தைக் குறிக்கும் ஏட்டிலேயே, அவரைப் பேணுபவரின் வயதையும் பள்ளியையும் குறிக்க ஒரு வரி சேர்க்கலாம். அவ்வரி தலைமையாசிரியரையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் எட்டினால், உதவித்தொகைக்கும் வருகைப்பதிவில் தளர்வுக்கும் அதுவே சான்றாகும். அவ்வரியை எழுதப் பணியாளர் நெடுநேரம் தேட வேண்டியதில்லை; பல வீடுகளில் அவருக்குக் கதவைத் திறப்பவளே அச்சிறுமிதான்.