இரண்டாவது கண்ணும் விழித்திருக்கட்டும்!

2003 ஆகஸ்ட் 14 பிற்பகல். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட் எனர்ஜி மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை வழக்கம்போல் இயங்கிக் கொண்டிருந்தது. 2.14 மணிக்குப் பிறகு அங்கு எச்சரிக்கை ஒலி எதுவும் எழவில்லை. எல்லாம் சீராக இருப்பதாகப் பணியாளர்கள் நம்பினர். உண்மையில் முடங்கியிருந்தது எச்சரிக்கை மென்பொருள். அடுத்த இரண்டு மணி நேரத்தில், மரங்களில் உரசிய உயரழுத்த மின்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. விளைவு, அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர்.

அந்நிறுவனத்தில் மாற்று ஏற்பாடு இல்லாமல் இல்லை. முதன்மை சர்வர் 2.41 மணிக்குச் செயலிழந்ததும் அதன் பணிகள் தாமாகவே மாற்று சர்வருக்குச் சென்றன. முடங்கிய மென்பொருளும் அதே நிலையில் உடன் சென்றது. 13 நிமிடங்களில் மாற்று சர்வரும் நின்றது. கணினிப் பிரிவினர் சர்வர் பழுதை அறிந்திருந்தனர். எச்சரிக்கை வசதி முடங்கியிருப்பது கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

மாற்று ஏற்பாடே போதாத நிலைக்கும் உதாரணம் உண்டு. 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. அளவுமானி ஓரிடத்திலேயே நின்றுவிட்டது. நிரம்பும்போது வரத்தைத் தடுக்க வேண்டிய தனிக் கருவியும் செயல்படவில்லை. பல தொட்டிகளின் நிலவரத்தைக் காட்ட அங்கிருந்தது ஒரே ஒரு திரை. பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு தொட்டியை மட்டுமே அதில் முழுமையாகப் பார்க்க முடிந்தது.

ரசாயன ஆலையாயினும் மின்நிலையமாயினும், ஆலையின் உள்நிலையைப் பணியாளருக்குக் காட்டும் கண் கண்காணிப்புத் திரையே. அது அணைந்தால் ஆலை நின்றுவிடுவதில்லை. கண்கட்டிய நிலையில் தொடர்ந்து ஓடுகிறது. அதனால்தான் இரண்டாவது கண்காணிப்பு முனையம் தேவைப்படுகிறது.

ஆனால், கணக்கேடு அதை வேறுவிதமாகப் பார்க்கிறது. பல ஆண்டுகள் பயன்படாமல் நிற்கும் கருவி, வீண்செலவாகவே தோன்றும். அதன் செலவு முழுவதும் நிறுவனத்தைச் சேர்ந்தது. அது இல்லாததால் விளையும் இழப்பின் பெரும்பகுதியோ வேலிக்கு வெளியே வாழ்வோரைச் சேர்ந்தது. 2003 மின்தடையால் அமெரிக்காவுக்கு ஏற்பட்ட இழப்பு 400 கோடி முதல் 1,000 கோடி டாலர் வரை என மதிப்பிடப்பட்டது. இப்படிச் செலவும் இழப்பும் வெவ்வேறு தோள்களில் விழும் இடத்தில், முடிவைச் சந்தையிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

எனவே, 'மாற்று முனையம் இருக்கிறதா?' என்று கேட்டு ஆய்வாளர் திரும்பிவிடக் கூடாது. இரண்டு முனையங்களும் ஒரே சர்வரை, ஒரே மின்வழியை, ஒரே கேபிளை நம்பியிருந்தால் அவை இரண்டல்ல, ஒன்றே. ஒன்றில் எழும் எச்சரிக்கை மற்றொன்றிலும் அதே நேரத்தில் தெரிய வேண்டும். எச்சரிக்கை வசதி முடங்கினால், அதை அறிவிக்க அதனைச் சாராத தனி ஏற்பாடு வேண்டும். முதன்மை முனையத்தை வேண்டுமென்றே நிறுத்தி, மாற்று முனையம் பொறுப்பேற்கிறதா என்று குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் உயிரிழந்தனர். அந்தத் தொட்டியின் அடிப்பகுதியில்தான் வெப்பநிலை அளக்கப்பட்டது. மேற்பகுதியில் ஏறிய வெப்பத்தைக் காட்ட அங்கு கருவி இல்லை. ஆலையின் அபாயச் சங்கும் ஊராரை எழுப்பவில்லை. அளக்கப்படாததை எத்தனை திரைகள் வைத்தாலும் காண இயலாது என்பதையும் அது உணர்த்தியது.

எச்சரிக்கை ஒலிக்கவில்லை என்பதாலேயே ஆபத்து இல்லை என்றாகிவிடாது. அந்த மௌனத்தை நம்பலாமா என்று சோதிக்கும் கடமை நிறுவனங்களுக்கு உண்டு. சோதித்ததற்குச் சான்று கேட்கும் கடமை அரசுக்கு உண்டு.