பின்னால் அமர்ந்தவளும் குற்றவாளியா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவரை நிறுத்திக் கேட்டால், "நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்" என்றே சொல்வார். நம் நாட்டுச் சட்டமும் ஒரு காலத்தில் இந்த நிதானத்தைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டபோது, வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதை ஏறியிருந்தால்தான் குற்றம்.

இன்று நடைமுறையில் இருக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அந்த வாதத்திற்கு இடம் வைக்கவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தால் போதும். ஆள் நேராக நடந்தாலும் குற்றமே. வண்டியை ஓட்ட முயன்றாலும் குற்றமே. இங்கிலாந்தில் இந்த வரம்பு 80 மில்லி கிராம். இவ்விஷயத்தில் நம் சட்டம் கண்டிப்பானது என்று சற்றுப் பெருமைப்படலாம்.

சந்தேகம் எழுந்தால் காவலர் கருவியில் ஊதச் சொல்வார். கைது செய்தால் இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இல்லையேல் விடுவிக்க வேண்டும். தக்க காரணமின்றிப் பரிசோதனைக்கு மறுத்தால், அம்மறுப்பே வழக்குக்கு வலுச் சேர்க்கும். முதன்முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அபராதம் 2,000 ரூபாய்தான். தொகை உயர்ந்தது நல்லதே. ஆனால் வசதி படைத்தவர் அந்த 'அல்லது' என்ற ஒரு சொல்லின் வழியாகவே வெளியே வந்துவிட முடியும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெண்களாகிய நாம் கவனிக்க வேண்டியது 188ஆம் பிரிவு. இக்குற்றத்துக்கு உடந்தையாய் இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. 2022 அக்டோபரில், ஓட்டுபவர் குடித்திருந்தால் உடன் வருபவருக்கும் அபராதம் உண்டு என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது இப்பிரிவை வைத்துத்தான்.

நண்பனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு அவன் வண்டியிலேயே ஏறிக்கொள்கிறவனைத் தண்டிப்பது நியாயமே. ஆனால் ஸ்கூட்டரின் பின்னே கைக்குழந்தையுடன் அமர்ந்திருக்கும் மனைவியை என்ன செய்வது? உடந்தை என்றால் தூண்டிவிடுதல், கூடிச் சதி செய்தல், மனமறிந்து உதவுதல் என்றே நம் தண்டனைச் சட்டம் விளக்குகிறது. அவள் இவற்றுள் எதைச் செய்தாள்? "குடிச்சிருக்கீங்க, வேண்டாம்" என்று சொன்னால் நாலு பேர் முன்னிலையில் அவமானப்படுத்தினாள் என்ற பழி. சொல்லாமல் ஏறினால் உடந்தை. கடைசி பஸ்ஸும் போய்விட்ட ஊரில் அவளுக்கு மூன்றாவது வழி ஏது? வழக்கு எழுதும் காவலர், "நீ வீடு திரும்ப வேறு வழி இருந்ததா, அம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டு, அதற்கு அவள் சொல்லும் பதிலையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை பெற்றோர் ஒன்று செய்யலாம். கல்யாணத்துக்குப் பந்தல், மேளம், வீடியோ என்று ஏற்பாடு செய்கிறவர்கள், இரவில் பெண்களையும் பிள்ளைகளையும் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வேனும் ஏற்பாடு செய்யட்டும். அதன் டிரைவரை முதல் பந்தியிலேயே உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, வண்டி அருகிலேயே இருக்கச் சொல்லிவிட வேண்டும்.