ஆட்டமும் அட்டவணையும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றி வந்த சமூகம் எமது. ஆயினும், விளையாட்டரங்கின் எண்களை நோக்கும்போது ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நோக்கும் வழக்கம் பலரிடத்தும் வேரூன்றியுள்ளது. வென்ற அணி யாது, அதிக புள்ளி பெற்றவர் யார் என்னும் இரு வினாக்களுக்கு விடை கிடைத்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகின்றனர். ஓர் ஆட்டத்தின் புள்ளிவிபர அட்டவணையை முதல் வரி தொடக்கம் இறுதி வரி வரை வாசிக்கப் பழகுதல் வெறும் கணக்குப் பயிற்சியன்று. உழைத்தவர்க்கு உரியதை உரியவாறு வழங்கும் நீதியுமாகும் என்பது எமது துணிபு. இதனை நிறுவுதற்கு உலகறிந்த ஆட்டம் ஒன்றையே சான்றாகக் கொள்வோம்.

அமெரிக்காவிலே, பென்சில்வேனியா மாநிலத்து ஹேர்ஷி என்னும் சிற்றூரில், 1962ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் திகதி இரவு, ஊதியம் பெற்று ஆடும் வீரரைக் கொண்ட பிலடெல்பியா வொறியேர்ஸ் அணியும் நியூயோர்க் நிக்ஸ் அணியும் கூடைப்பந்தாட்டத்திற் பொருதின. வொறியேர்ஸ் 169 புள்ளிகளும் நிக்ஸ் 147 புள்ளிகளும் பெற்றன. வெற்றி பெற்ற அணியின் நடுநிலை வீரர், ஏழடிக்கு மேல் உயர்ந்த வில்ற் சேம்பர்லேன், தனியொருவராக 100 புள்ளிகளை ஈட்டினார். அவ்வாட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்படவில்லை. அதனைக் காட்டும் படச்சுருளும் இல்லை. இறுதிக் கால்பகுதியின் வானொலி வருணனை மாத்திரமே எஞ்சியுள்ளது. ஆகவே, அன்றைய அட்டவணையே எமக்குத் தலையாய சாட்சி. சாட்சி கூறுவது முழுவதையும் கேளாது தீர்ப்பளித்தல் முறையாகுமா?

சேம்பர்லேனுடைய வரியை முதலில் வாசிப்போம். கூடையை நோக்கி அவர் எறிந்தவை 63, விழுந்தவை 36. எதிரணியின் பிழைகளுக்காகக் கிடைத்த தண்ட எறிவுகள் 32. அவற்றுட் பயன்பட்டவை 28. கூடைக்கு இரண்டாக 72, எறிவுக்கு ஒன்றாக 28, ஆக நூறு. தண்ட எறிவில் அவர் வல்லவரல்லர். வாழ்நாள் முழுவதையுங் கூட்டிப் பார்க்கின் நூற்றுக்கு 51 அளவிலேயே வெற்றி கண்டவர். அன்றிரவு அவ்விகிதம் 87ஐத் தாண்டியது. வலிமையினால் மட்டுமன்றி, தமது குறையொன்றை அவ்விரவில் வென்றதனாலும் நூறு வந்தது என்பதனை இவ்வெண்களே உணர்த்துகின்றன.

இனி அயல் வரிகளுக்கு வருவோம். கை றொட்ஜேர்ஸ் என்பார் பெற்ற புள்ளிகள் 11. ஆனால் தோழர் கூடையிடுமாறு அவர் பந்து வழங்கியமை 20 முறை. அல் அற்றில்ஸ் எறிந்தவை எட்டு, விழுந்தவையும் எட்டு. ஒரு தண்ட எறிவுங் கூட 17 புள்ளிகள். ஒன்றேனுந் தவறாத அவ்வீரரைப் பேசுவோர் எத்தனை பேர்? ஜோ றுக்லிக் என்பார் பெற்ற புள்ளி பூச்சியம். ஆனால் நூறாவது புள்ளியைத் தந்த கூடைக்குப் பந்தை வழங்கியவர் அவரே. பூச்சியத்தின் கையிலிருந்தே நூறு பிறந்தது எனல் மிகையாகாது. தோற்ற அணியிலும் றிச்சி கெரின் 39 புள்ளிகள் பெற்றார் என்பதை எவர் நினைவுகூர்கின்றனர்?

அட்டவணை கூறாதனவும் உள. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் சேம்பர்லேனுக்குப் பந்து செல்லாதிருக்க நிக்ஸ் அணியினர் ஏனையோரை வேண்டுமென்றே பிழை செய்து தடுத்தனர். பந்தை மீளப் பெறுதற்காக வொறியேர்ஸ் அணியினரும் அவ்வாறே செய்தனர். வெற்றிக்கான ஆட்டம் நூறுக்கான ஆட்டமாக மாறிற்று. இதனை எந்த நிரலும் பிரித்துக் காட்டாது. எண் பொய்யுரைக்கவில்லை, எனினும் அது பிறந்த சூழலை வாசகனே தேடியறிதல் வேண்டும்.

மற்றுமொன்று. அப்பருவம் முழுவதிலும் சேம்பர்லேன் ஆட்டமொன்றுக்குச் சராசரி 50.4 புள்ளிகள் பெற்றார். ஆயினும், வீரர்கள் தாமே வாக்களித்து அவ்வாண்டின் தலைசிறந்தவராகத் தெரிந்தது பொஸ்டன் செல்ரிக்ஸ் அணியின் பில் றசலை. அவருடைய சராசரி 18.9. எதிரியின் எறிவை இடைமறித்துத் தடுத்தலே றசலின் தனிக்கலை. அத்தகைய தடைகளை அச்சங்கம் முறையாக எண்ணத் தொடங்கியது 1973-74ஆம் பருவத்திலேயாம். றசலோ 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் தடுத்த எறிவுகள் எத்தனை என்பதற்கு உத்தியோகபூர்வக் கணக்கு கிடையாது. எண்ணப்படாமையால் அவை நிகழாது போயினவா? உடன் ஆடியோர் அறிந்திருந்தனர். ஆகவே அவ்வாறு வாக்களித்தனர். அவ்வாண்டு வெற்றிக் கிண்ணம் சென்றதும் பொஸ்டனுக்கே.

இவற்றைக் கண்டு, எண்களால் யாது பயன் என்று கையை உதறுவாரும் உளர். அவரோடு நாம் உடன்படோம். றொட்ஜேர்ஸின் இருபதையும் அற்றில்ஸின் எட்டையும் காத்துத் தந்தது அட்டவணையன்றோ? எண் இல்லையெனில் ஆரவாரத்தில் அவர்கள் மறைந்தே போயிருப்பர். குறை எண்ணும் கலையிலன்று. எதை எண்ணுவது என்னும் தெரிவிலும், ஒரு நிரலோடு நின்றுவிடும் சோம்பலிலுமே உளது. அச்சங்கமும் 2016ஆம் ஆண்டு தொடக்கம், சிதறிய பந்தை மீட்டமை, எறிவுக்கு இடையூறு விளைத்தமை போன்ற அரும்பணிகளையும் எண்ணி வருகின்றது. எண்ண வேண்டியவற்றின் எல்லை விரிகின்றதேயன்றிச் சுருங்கவில்லை.

விளையாட்டரங்கின் ஓரத்தே அமர்ந்து கணக்கெழுதும் மாணவத் தம்பிமாருக்கும், ஆண்டறிக்கை வரையும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எமது வேண்டுகோள் இதுவே: புள்ளி பெற்றவர் பெயரோடு பந்து வழங்கியவர் பெயரையும், தடுத்தவர் பெயரையும் சேர்த்தெழுதுக. அதற்கு மேலதிகமாக வேண்டுவன ஒரு நிரலும் சிறிது மையுமே.