பெயரும் காரணமும் பொறித்த கல்
கொள்கைப் பிரகடனம், ஒண்டிக்கடை, ஏற்காடு

தோட்டத் தொழிலாளர், மலைக்கிராமத்துப் பழங்குடி மக்கள், கடைக்காரர்கள், மாணவர்கள் ஆகிய நாங்கள் ஒண்டிக்கடையில் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதை சரிந்தது. அதே மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து, 5 குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டனர். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் லயங்களோடு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளோடு) புதையுண்ட 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினர். 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் மீரியபெத்தையில் மண் மூடியதும் மலையகத் தமிழரின் லயங்களையே. அங்கே ஆபத்து இருப்பதாக முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மாறிப்போக நிலம்தான் இல்லை.

மழை இயற்கையாகப் பெய்கிறது. சரிவின் அடியில் யார் குடியிருக்க நேர்கிறது என்பதை நிலவுடைமையும் அரசும் தீர்மானிக்கின்றன. இதை மறைக்கும் நினைவுச்சின்னம் பாதி உண்மையே சொல்கிறது.

முழுதும் சொல்லும் கற்களும் உண்டு. செங்கம் வட்டார நடுகற்கள் மாண்டவன் பெயரோடு, எந்தப் பூசலில் மாண்டான் என்பதையும் சொல்கின்றன. ஜப்பானின் அனேயோஷியில், 1933 ஆழிப்பேரலைக்குப் பின் நட்ட கல் அதற்குக் கீழே வீடு கட்டாதே என்றது. ஊர் கேட்டது, 2011 ஆழிப்பேரலையில் அங்கிருந்த வீடுகள் தப்பின.

ஆகவே நாங்கள் கோருவது:

1. இறந்த ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இருக்க வேண்டும். பிழைப்புக்கு வந்த வெளியூர்க்காரர் பெயரும் விடுபடக்கூடாது. திறந்துவைத்தவர் பெயர் வேண்டாம்.

2. பெய்த மழையளவு, வெட்டிய சரிவு, அடைபட்ட ஓடை, அலட்சியப்படுத்திய எச்சரிக்கை அனைத்தையும் பொறிக்க வேண்டும்.

3. இடத்தையும் வாசகத்தையும் இறந்தோர் குடும்பத்தார் கிராம சபையில் முடிவு செய்ய வேண்டும்.

4. பிழைத்தவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் வீடும் பட்டாவும் தந்த பிறகே நினைவுக்கல்லைத் திறக்க வேண்டும்.

5. நினைவுநாளில் மலர் தூவுவதோடு ஓடைகளைத் தூர்வாரி, வெளியேறும் வழியை ஒத்திகை பார்க்க வேண்டும்.

நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்து, ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கண்ணீரோடு நிற்கும் குடும்பங்களை வணங்குகிறோம். அவர்கள் துக்கம் எந்தக் கட்சி மேடைக்கும் சொந்தமல்ல.

எங்கள் முதல் வேலை இந்த மலையிலேயே தொடங்குகிறது. சேர்வராயன் மலையில் மண் சரிந்த இடங்களில், உயிர் போகாத இடமானாலும், தேதியும் காரணமும் பொறித்துக் கல் நடுவோம். அடுத்த சரிவுக்கு முன்னால் நமக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த இடங்களில்தான் இருக்கிறது. கல் சுமக்க வாருங்கள்.