கால்பந்து கஞ்சி ஊற்றுமா?



மழை பொய்த்த ஆண்டுகளில் நம் வீரசோழன் வட்டாரத்துக் கண்மாய்களால் விளையும் நன்மை ஒன்றுதான். நீரற்ற கண்மாய் நம் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலாகிவிடுகிறது. சீமைக்கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டு, கம்பத்துக்குப் பதிலாகச் செங்கற்களை நட்டு, மாலை ஐந்து மணிக்கு ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். எந்தத் தெருப் பிள்ளை, எந்தச் சமயத்துப் பிள்ளை என்று பந்து கேட்பதில்லை. கரையில் நின்று பார்க்கும்போது, ஊர்ப் பெரியவர்கள் கற்றுக்கொள்ளாத பாடத்தைப் பிள்ளைகள் கற்றுவிட்டார்களே என்று நாம் எண்ணியதுண்டு.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலிக்குப் பின் ஒரு தகப்பனாரும் தாயாரும் நம்மைக் காண வந்தனர். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பம். மகன் எட்டாம் வகுப்பு மாணவன். அந்தக் கண்மாய்த் திடலில் பந்து அவன் காலைத் தேடித்தான் வரும். அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள், அவனை அனுப்புங்கள் என்று உடற்கல்வி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மகனோ போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

"பதின்மூன்று வயதுப் பிள்ளையை எப்படிச் சாமி தனியே விடுவது?" என்று தாயார் கண் கலங்கினார். தகப்பனார் கேட்ட கேள்வி வேறு. "பந்து உதைத்தால் கஞ்சி ஊற்றுமா சாமி?"

நாமும் குருமடத்தில் மாலைதோறும் பந்து உதைத்தவர்களே. அது நமக்கு மகிழ்ச்சி தந்தது, சோறு தந்ததில்லை. ஆகவே உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. அடுத்த ஞாயிறு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, அந்த வாரம் முழுவதும் ஓர் ஆட்டக்காரரின் வாழ்வை எண்ணிப் பார்த்தோம். அவர் நம் தமிழகத்தின் தென்கோடியைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தூத்தூரை ஒட்டி வரிசையாக மீனவ ஊர்கள் உள்ளன. கால்பந்து அங்கே பொழுதுபோக்கு அன்று, ஊர் வழக்கம். அவ்வூர்களுள் ஒன்றான இரவிபுத்தன்துறையில் 1994-இல் பிறந்தவர் சூசைராஜ். கடற்கரை மணலில் பந்தாடிப் பழகுகிறவர்களுக்குக் கால் உரம் பெறும் என்பார்கள். அங்கிருந்து புறப்பட்டுச் சென்னை சிட்டி கழகத்தில் சேர்ந்து, கோவை நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் போட்டிகளில் ஆடினார்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசிற்று. கடலுக்குச் சென்ற எத்தனையோ பேர் திரும்பவில்லை. தூத்தூர்க் கரையின் ஊர்கள் துயரில் மூழ்கின. அந்தப் பருவத்தில்தான் ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்னும் விருது சூசைராஜுக்குக் கிடைத்தது. ஊரே அழுதிருந்த ஆண்டில் ஊர்ப் பிள்ளை ஒருவன் பெற்ற அந்த விருது, வெறும் உலோகக் கோப்பையாக மட்டும் இருந்திராது என்று நமக்குத் தோன்றுகிறது.

பிறகு ஏற்றம் விரைவாக வந்தது. 2018-இல் ஜாம்ஷெட்பூர் கழகத்துக்குச் சென்றார். 2019 சூன் 5 அன்று தாய்லாந்தில் குராசோ நாட்டுக்கு எதிராக இந்திய அணியின் சட்டையை முதன்முதலாக அணிந்தார். அதே ஆண்டு கொல்கத்தாவின் ஏ.டி.கே. கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆந்தோனியோ ஆபாஸ் என்னும் ஸ்பெயின் நாட்டுப் பயிற்றுநரின் கீழ் இருந்த அக்கழகம் 2020 மார்ச் 14 அன்று கோவாவில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. பெருந்தொற்று அச்சத்தால் அன்று பார்வையாளர் எவருமில்லை.

எட்டு மாதம் கழிந்தது. 2020 நவம்பர் 20, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம். எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். முழங்கால் கடுமையாகக் காயமுற்றிருந்தது. அறுவையும் பயிற்சியுமாக மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும் காயம் அது. அந்தப் பருவம் முழுவதும் அவர் களம் காணவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. பின்னர் மீண்டு வந்தார். ஒடிசா கழகத்துக்கும் சென்றார். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டே நீளும் ஆட்டக்காரரின் வாழ்வில், முழங்கால் விழுங்கிய காலத்தை யார் திருப்பித் தருவார்?

பெற்றோரே, இதைச் சொல்லி உங்களை அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. கால்பந்து என்னும் தொழிலின் தன்மையை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். முன்னாளில் சென்னையில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தென்னக இரயில்வே போன்ற நிறுவனங்கள் நல்ல ஆட்டக்காரருக்கு வேலையே கொடுத்தன. கால் ஓய்ந்தாலும் நாற்காலி இருந்தது. மாதச் சம்பளம் இருந்தது. இன்றைய கழகங்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதுகின்றன. பணம் அதிகம், பாதுகாப்புக் குறைவு. கழகத்துக்கே நிலைப்பு இல்லை என்பதையும் பாருங்கள். சூசைராஜ் விலகிய மறு பருவத்தில், 2019 மார்ச் 9 அன்று, சென்னை சிட்டி கழகம் கோவையில் ஐ-லீக் கோப்பையை வென்றது. தமிழகக் கழகம் ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதன்முறை. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அக்கழகம் அந்த லீக்கிலேயே இல்லாமற் போயிற்று.

அந்த வெற்றி அணியில் ஸ்பெயினிலிருந்து வந்த நெஸ்தோர் கோர்தியோ, 21 கோல் அடித்த பெத்ரோ மான்சி ஆகியோர் இருந்தனர். அங்கே இவர்கள் பெரும்புகழ் பெற்றவர்கள் அல்லர். கீழ்ப்பிரிவுக் கழகங்களில் ஆடியவர்கள். கொத்தனார் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வேலை இருக்கும் ஊருக்குப் போவதுபோல, தம் காலையே கருவியாகக் கொண்டு கடல் கடந்து கோவைக்கு வந்தார்கள். கால்பந்தைத் தொழிலாகக் கொண்டோரில் மிகப் பலர் இத்தகையோரே. நாளிதழில் படம் வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்தாம்.

அந்தச் சிலருள் ஒருவரான இனியெஸ்தாவும் நம்மைப் போன்ற வறண்ட நிலத்துச் சிற்றூரில் பிறந்தவர். ஃபுவெந்தெஅல்பியா என்பது அவ்வூர். தகப்பனார் கட்டட வேலை செய்தவர். 1996-இல், பன்னிரண்டு வயதில், பார்சலோனா கழகத்தின் விடுதியில் அவரைக் கொண்டுபோய் விட்டார்கள். முதல் நாள்களில் வீட்டை நினைத்து அழுது தீர்த்ததை அவரே பின்னர்ச் சொல்லியிருக்கிறார். 2010 உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயினுக்கு வெற்றி தந்த ஒரே கோலை அடித்தவர் அந்த அழுத சிறுவன்தான். அவர் வளர்ந்த விடுதியில் பிள்ளைகள் பகலில் பள்ளிக்குச் செல்வார்கள். பந்து அதன் பிறகே. அங்கே சேர்பவரில் பெரும்பாலோர் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஆவதில்லை என்பதை அதை நடத்துவோர் நன்கு அறிவர். ஆகவேதான் பள்ளிப் புத்தகத்தை அவர்கள் கைவிடுவதில்லை.

அடுத்த ஞாயிறு அப்பெற்றோர் வந்தபோது நாம் சொன்னது இதுதான்: "பந்து கஞ்சி ஊற்றும், ஆனால் எத்தனை நாளைக்கு என்று சொல்லாது. ஆகவே மூன்று காரியங்களை உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள். விடுதிக்குப் போனாலும் படிப்பு ஒரு நாளும் நிற்கக்கூடாது. அரசு வேலையில் விளையாட்டு வீரருக்கு மூன்று விழுக்காடு இடம் உண்டு. அதற்கும் கல்வித் தகுதி வேண்டும். இரண்டாவது, உடம்பில் வலி என்றால் மறைக்காமல் சொல்லப் பழக்குங்கள். இடம் போய்விடுமே என்று காயத்தை மறைத்து ஆடுகிறவன் தன் முதலையே தின்கிறான். மூன்றாவது, தேர்வாகாமல் திரும்பி வந்தாலும், காலொடிந்து திரும்பி வந்தாலும், நம் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதைப் புறப்படும் முன்பே அவன் காதில் சொல்லிவிடுங்கள்."

தாயார் தலையசைத்தார். தகப்பனார் நெடுநேரம் பேசாதிருந்தார். "நான் ஒருநாள்கூட அவன் விளையாடிப் பார்த்ததில்லை சாமி" என்றார் இறுதியில்.

அந்த ஒரு சொல்லில் நம் வீடுகள் பலவற்றின் கதை அடங்கியிருக்கிறது. பிள்ளையின் திறமை பயனுள்ளதா என்று கணக்குப் போடுகிறோம். அதைக் கண்கொண்டு பார்க்க நமக்கு நேரமில்லை. மகன் பாடுவதை, மகள் ஓடுவதை, ஒருவன் மரத்தைச் செதுக்குவதை நாம் நின்று பார்த்திருக்கிறோமா? பாராமலே ஆம் என்பதும் தவறு. பாராமலே இல்லை என்பதும் தவறு.

அன்று மாலை கண்மாய்க் கரைக்குச் சென்றோம். ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கரைமீது, கரித்தூள் படிந்த துண்டைத் தோளில் போட்டபடி அந்தத் தகப்பனார் நின்றிருந்தார். மகன் அவரைப் பார்த்துவிட்டான். அதன்பின் அவன் கால் தரையில் படவே இல்லை.