71 விடைத்தாள்கள், 3.67 புள்ளிகள்

கேரளப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கு,

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் தமிழன் நான். பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவன். பி.ஏ. பொருளாதாரப் படிப்பின் தரத்தை அளக்கத் தங்களிடம் குழுக்கள் உண்டு, படிவங்கள் உண்டு, விதிகள் உண்டு. என்னைவிடத் தாங்கள் அவற்றை நன்கறிவீர்கள். அதனால் விதி பேசப் போவதில்லை. ஒரே ஒரு சம்பவம்.

2024 மே மாதம் தங்கள் எம்.பி.ஏ. மாணவர்கள் ப்ராஜெக்ட் ஃபைனான்ஸ் தேர்வு எழுதினார்கள். 2025 ஜனவரியில், ஓர் ஆசிரியர் திருத்துவதற்காகப் பாலக்காட்டுக்கு இருசக்கர வண்டியில் கொண்டுபோகும் வழியில் 71 பேரின் விடைத்தாள்கள் தொலைந்தன. தேர்வு முடிந்து எட்டு மாதமாகியும் அந்தத் தாள்கள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தன என்பதுதான் எனக்குத் தொலைந்ததைவிடப் பெரிய செய்தி. விஷயம் மார்ச் கடைசியில் வெளியே வந்தது. பல்கலைக்கழகம் சொன்ன தீர்வு: ஏப்ரல் 7-ஆம் தேதி வந்து மறுபடி எழுதுங்கள். தொலைத்தது யார், எழுதுவது யார்!

எம்.பி.ஏ. கதையைப் பி.ஏ. பொருளாதாரத்தில் ஏன் இழுக்கிறாய் என்று தங்கள் அலுவலகம் கேட்கலாம். தாள் திருத்தி முடிவு சொல்லும் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் ஒன்றுதானே ஐயா. வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் நடத்துவோம். ஒன்றுக்காக நாம் இழக்கும் மற்றொன்றின் மதிப்பு அது. முடிவு வராததால் நழுவும் வேலை, தள்ளிப்போகும் மேற்படிப்பு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இனி உதாரணத்துக்குப் பாடநூலைப் புரட்ட வேண்டியதில்லை. மிக்க நன்றி.

2022-இல் கல்வித் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக், தங்கள் பல்கலைக்கழகத்துக்கு 4-க்கு 3.67 போட்டு ஏ++ கொடுத்தது. அந்தப் பெருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் படித்து முடித்தவர்களின் நிலையை அது சொல்லாது. இதே நகரத்தில், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம், வருமானம் குறைந்த மாநிலமும் எழுத்தறிவிலும் ஆயுளிலும் முன்னேற முடியும் என்பதை 1975-இலேயே ஐ.நா.வுக்கான ஆய்வில் எண்களை வைத்துக் காட்டியது. உங்களிடம் நான் கேட்பதும் எண்தான். 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்புப்படி கேரளத்தில் 15-29 வயதினரிடையே வேலையின்மை 29.9 சதவீதம், பெண்களிடையே 47.1. நாடு முழுவதற்கும் 10.2தான். இதில் உங்களிடம் பொருளாதாரம் படித்துப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? சேர்ந்தவர் எத்தனை, காலத்தில் முடித்தவர் எத்தனை, இப்போது எங்கே இருக்கிறார்கள்? கல்லூரிவாரியாக வெளியிடுங்கள். புள்ளியியல் தாளில் இதைவிடக் கடினமான கேள்வியைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளிடம் கேட்கிறீர்கள்.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2025 ஜூன் 25-இல் செனட் மண்டபத்தில் ஒரு படத்தை வைத்து ரகளை நடந்தது; அதையொட்டி ஜூலை 2-இல் பதிவாளர் இடைநீக்கம். ஒரே வாரம்! நினைத்தால் உங்களால் முடிகிறது.

2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்கள் 2027-இல் மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியேறலாம். அவர்களுடைய விடைத்தாளாவது பல்கலைக்கழகத்தின் கூரைக்குக் கீழேயே, பூட்டிய அறையில் வைத்துத் திருத்தப்படட்டும்.